1,300 காலி மனைகள்: பாஸ்டனில் ஒரு பேட்டை தன்னை மீட்டுக்கொண்ட வரலாறு



பாஸ்டன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும்தான். மகனையோ மகளையோ பார்க்கப் போனவர்கள் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டு வந்திருப்பீர்கள். அதே நகரத்தின் மையப் பகுதியிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில் டட்லி தெரு என்று ஒன்று இருக்கிறது. சுற்றுலாப் பேருந்துகள் அங்கே போவதில்லை. ஆனால் குடியிருப்போர் சங்கம் நடத்தும் நம்மைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் அது. வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்து, வெவ்வேறு மொழி பேசி, ஒருவரை ஒருவர் அவ்வளவாக நம்பாத மக்கள் ஒன்று சேர்ந்து, எரிந்து குப்பைமேடாகிப்போன தங்கள் பேட்டையைத் திரும்பக் கட்டினார்கள். அந்த வரலாற்றில் வங்கி, காப்பீடு, வரி பாக்கி, குத்தகை எல்லாமே வருகின்றன. வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அந்தப் பகுதிகள் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்து சேர்ந்தவர்கள்

டட்லி தெரு ராக்ஸ்பரி என்ற பகுதியில் இருக்கிறது. ராக்ஸ்பரி 1630ல் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் அமைத்த தனி ஊர். 1868ல்தான் பாஸ்டன் நகரோடு இணைக்கப்பட்டது. டிராம் வண்டி வந்த பிறகு அங்கே வீடுகள் பெருகின. ஐரிஷ் மக்கள், யூதர்கள், இத்தாலியர்கள் என்று அலை அலையாகக் குடியேறினார்கள். மூன்று தட்டு மர வீடுகள் அந்தப் பக்கத்தின் அடையாளம். கீழ்த்தட்டில் உரிமையாளர் இருந்துகொண்டு, மேலே இரண்டு தட்டையும் வாடகைக்கு விட்டு, அந்த வாடகையில் கடன் தவணையை அடைப்பார். நமக்கு நன்றாகப் பழகிய கணக்குத்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காட்சி மாறியது. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் வேலை தேடி வடக்கே வந்தார்கள். பியூர்டோ ரிகோ தீவிலிருந்து ஸ்பானிய மொழி பேசுவோர் வந்தார்கள். அவர்கள் 1917 முதலே அமெரிக்கக் குடிமக்கள். ஆனாலும் ஊரார் கண்ணுக்கு வெளிநாட்டவர்தான். டொமினிகன் குடியரசிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் பிறகு பலர் சேர்ந்தார்கள்.

நான்காவது கூட்டம் ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவின் மேற்குக் கடலில் கேப் வெர்டே என்ற சிறு தீவுக்கூட்டம் இருக்கிறது. மழை பொய்த்துப் பஞ்சம் வருவது அங்கே வாடிக்கை. 19ஆம் நூற்றாண்டில் திமிங்கிலம் பிடிக்கும் கப்பல்களில் கூலியாக ஏறி அந்தத் தீவு மக்கள் மாசசூசெட்ஸ் கரைக்கு வந்தார்கள். 1975 வரை அது போர்ச்சுகல் ஆண்ட நாடு. அவர்கள் வீட்டில் பேசுவது போர்ச்சுகீசியமும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து பிறந்த கிரியோல். நாட்டுக்கு நாடு ஒதுக்கீடு வைத்திருந்த பழைய குடியேற்ற முறையை அமெரிக்கா 1965ல் சட்டம் போட்டு மாற்றியது. அதற்குப் பிறகு இன்னும் பல குடும்பங்கள் வந்தன. ஐரிஷ் மக்கள் கட்டிய புனித பேட்ரிக் தேவாலயத்தில் கேப் வெர்டே மக்கள் வழிபடத் தொடங்கினார்கள்.

ஆக 1980களின் தொடக்கத்தில் டட்லி தெருவில் கறுப்பின அமெரிக்கர்கள், கேப் வெர்டே மக்கள், ஸ்பானிய மொழியினர், போகாமல் தங்கிவிட்ட வெள்ளையர்கள் என்று நான்கு பிரிவினர் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தார்கள். அடுத்தடுத்த வீடுதானே தவிர, போக்குவரத்து அதிகமில்லை.

சிவப்புக் கோடு செய்த வேலை

ஒரு பேட்டை எப்படிச் சாகிறது என்று நான் யோசித்ததுண்டு. வெள்ளமோ பூகம்பமோ வந்தால் காரணம் புரியும். டட்லி தெருவில் அப்படி எதுவும் வரவில்லை. அங்கே வராமல் போனது கடன்.

1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்று நகரங்களின் வரைபடங்களில் பேட்டைகளைத் தரம் பிரித்து வண்ணம் தீட்டியது. பச்சை என்றால் தைரியமாகக் கடன் கொடுக்கலாம். சிவப்பு என்றால் ஆபத்து. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் கறுப்பின மக்களும் வசித்தால் அதுவே சிவப்புக்குக் காரணமாகக் கருதப்பட்டது. விண்ணப்பிக்கும் ஆளின் சம்பளத்தையோ நாணயத்தையோ பார்ப்பதற்கு முன்பே முகவரியைப் பார்த்துக் கோப்பை மூடிவிடலாம்.

1968ல் பாஸ்டன் வங்கிகள் ஒன்று சேர்ந்து, கறுப்பினக் குடும்பங்களுக்கு வீட்டுக்கடன் தருவதாக ஒரு திட்டம் அறிவித்தன. கேட்க நல்ல செய்தி. ஆனால் வரைபடத்தில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குள் வீடு வாங்கினால்தான் கடன் என்றார்கள். கோட்டுக்குள் பெரும்பகுதி யூதர்கள் வாழ்ந்த தெருக்கள். உடனே தரகர்கள் கிளம்பினார்கள். 'அவர்கள் வருகிறார்கள், வீட்டு விலை விழப்போகிறது, இப்போதே விற்றுவிடுங்கள்' என்று பயமுறுத்தி அடிமாட்டு விலைக்கு வாங்கி, வந்தவர்களிடம் கூடுதல் விலைக்கு விற்றார்கள். சில ஆண்டுகளில் அந்தத் தெருக்களின் முகமே மாறிவிட்டது.

கடன் கிடைக்காத இடத்தில் என்ன நடக்கும் என்று படிப்படியாகப் பாருங்கள். வாங்குபவருக்குக் கடன் இல்லை என்றால் வீட்டுக்கு விலை இல்லை. விலை இல்லாத வீட்டுக்கு உரிமையாளர் பழுது பார்க்க மாட்டார். பழுதான வீட்டுக்கு நல்ல வாடகை வராது. வரி பாக்கி ஏறும். ஒரு கட்டத்தில் வீட்டின் சந்தை விலையைவிடக் காப்பீட்டுத் தொகை அதிகமாகிவிடும். அப்போது சிலருக்குத் தீக்குச்சி ஞாபகம் வரும். 1960களிலிருந்து 1980கள் வரை டட்லியில் வீடு எரிவது அன்றாடச் செய்தியாகிவிட்டது. எல்லாத் தீயும் வைத்த தீ அல்ல. ஆனால் வைத்த தீ ஏராளம். எரிந்த வீட்டை நகராட்சி இடித்துத் தள்ளும். வரி பாக்கிக்காக மனையை எடுத்துக்கொள்ளும். பக்கத்து மனை எங்கோ இருக்கும் தனியார் பெயரில் கிடக்கும். இப்படிச் சதுரங்கப் பலகைபோல நகராட்சி மனையும் தனியார் மனையும் மாறி மாறி, 1980களின் தொடக்கத்தில் மொத்தம் 1,300 காலி மனைகள்.

காலி மனை காலியாக இருக்காது என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரவில் லாரிகள் வந்து கட்டட இடிபாடுகளைக் கொட்டின. பழைய குளிர்பெட்டிகள், திருட்டுக் கார்களின் எலும்புக்கூடுகள், கெட்டுப்போன இறைச்சி என்று எல்லாம் வந்து சேர்ந்தன. உரிமமே இல்லாமல் குப்பை மாற்று நிலையங்கள் நடந்தன. கோடை வந்தால் ஜன்னலைத் திறக்க முடியாது. எலி, ஈ, நாற்றம். வெளியூர்க் குப்பைக்கு இவர்கள் தெரு வாசல்தான் தொட்டி.

மேடையில் இருப்பவர்களில் இங்கே குடியிருப்பவர் யார்?

1984ல் ஒரு சிறு விண்ணப்பத்தில் கதை திரும்பியது. டட்லி தெருவில் ஸ்பானிய மொழியினருக்காக நடந்துவந்த லா அலியான்சா இஸ்பானா என்ற சேவை அமைப்பு, தன் கட்டடத்தைச் சீர்செய்ய ரைலி அறக்கட்டளையிடம் உதவி கேட்டது. அமைப்பின் தலைவர் நெல்சன் மெர்செட். இவர்தான் பிறகு மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்குத் தேர்வான முதல் ஸ்பானிய மொழி உறுப்பினர். கட்டடத்தைப் பார்க்க வந்த அறங்காவலர்கள் வெளியே தெருவைப் பார்த்தார்கள். ஒரு கட்டடத்துக்குப் பணம் கொடுத்து என்ன பயன், பேட்டைக்கே ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது.

சேவை அமைப்புகளையும் தேவாலயங்களையும் கூட்டி ஒரு குழு அமைத்தார்கள். மாதக்கணக்கில் பேசித் திட்டம் எழுதினார்கள். 23 பேர் கொண்ட நிர்வாகக் குழு. அதில் குடியிருப்போருக்கு 4 இடம். 1985 பிப்ரவரியில் பொதுக்கூட்டம் போட்டு இதை அறிவித்தார்கள். நல்ல எண்ணத்தோடு செய்ததுதான். பாராட்டு கிடைக்கும் என்று எதிர்பார்த்திருப்பார்கள்.

ஆனால் கூட்டத்திலிருந்து ஒரு கேள்வி எழுந்தது. மேடையில் உட்கார்ந்திருக்கும் உங்களில் எத்தனை பேர் இந்தப் பேட்டையில் குடியிருக்கிறீர்கள்? பதில் சொல்ல மேடையில் ஆளில்லை. அடுத்தடுத்துப் பலர் எழுந்து அதையே கேட்டார்கள். எங்களுக்காக முடிவு செய்ய நீங்கள் யார், வேலை முடிந்ததும் நீங்கள் உங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள், நாற்றம் எங்களுக்குத்தானே என்பதுதான் சாரம். அன்று குரல் கொடுத்தவர்களில் சே மடியூன் என்ற பெண்மணி பிறகு அந்த அமைப்பின் தலைவராகவே பல ஆண்டுகள் இருந்தார்.

இந்த இடத்தில் அறக்கட்டளை செய்த காரியத்தைக் கவனியுங்கள். கோபித்துக்கொண்டு பையை மூடவில்லை. 'சரி, நீங்களே சொல்லுங்கள்' என்று திட்டத்தைக் குடியிருப்போர் கையில் கொடுத்தது. பணம் கொடுப்பவர் அதிகாரத்தையும் கொடுப்பது அபூர்வம். அப்படிப் பிறந்ததுதான் டட்லி தெரு அக்கம்பக்கத்தார் முனைவு என்ற அமைப்பு.

மூன்று, மூன்று, மூன்று, மூன்று

புதிய நிர்வாகக் குழுவுக்கு 31 இடங்கள். அதில் 12 குடியிருப்போருக்கு. மற்றவை சேவை அமைப்புகள், தேவாலயங்கள், கடைக்காரர்கள், அரசுப் பிரதிநிதிகள் ஆகியோருக்கு. பின்னாளில் குடியிருப்போரின் பங்கு இன்னும் கூட்டப்பட்டது.

அந்த 12 இடங்களை எப்படிப் பிரிப்பது என்பதுதான் சுவையான விஷயம். தலைக்கணக்குப்படி பிரித்தால் கறுப்பின அமெரிக்கர்களுக்கு அதிகம் கிடைத்திருக்கும். வெள்ளையர்களுக்குப் பெயருக்கு ஒன்று. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கறுப்பின அமெரிக்கர் 3, கேப் வெர்டே மக்கள் 3, ஸ்பானிய மொழியினர் 3, வெள்ளையர் 3 என்று சமமாகப் பிரித்தார்கள்.

இது நியாயமா என்று நீங்கள் கேட்கலாம். தேர்தல் கணக்கில் பார்த்தால் அநியாயம்தான். ஆனால் அவர்களின் நோக்கம் வேறு. பெரும்பான்மையினர் எப்போதும் ஜெயிப்பார்கள் என்று தெரிந்தால் மற்றவர்கள் கூட்டத்துக்கே வர மாட்டார்கள். வராதவர்களின் வீட்டு வாசலில் குப்பை கிடந்தால் நாற்றம் எல்லோருக்கும்தான் வரும். சமமான இடம் கொடுத்ததால் எந்தப் பிரிவினரும் தனியாக எதையும் நிறைவேற்ற முடியாது. இன்னொரு பிரிவினரைப் பேசிச் சம்மதிக்க வைத்தே ஆக வேண்டும். பேசுவதற்கு மொழி வேண்டுமே! அதனால் கூட்டங்களில் ஆங்கிலம், ஸ்பானிஷ், கேப் வெர்டே கிரியோல் மூன்றிலும் உடனுக்குடன் மொழிபெயர்ப்பு ஏற்பாடு செய்தார்கள். அறிவிப்புகளும் அப்படியே அச்சாகின. கூட்டம் நீளும், செலவாகும். ஆனால் பின்வரிசையில் புரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்த பாட்டி எழுந்து பேச ஆரம்பித்தார் என்றால், அந்தச் செலவு வீண் இல்லை.

முதலில் குப்பை

1986ல் பீட்டர் மெடாஃப் என்பவரை முதல் நிர்வாக இயக்குநராக வேலைக்கு வைத்தார்கள். பெரிய திட்டம் போடுவதற்கு முன் சின்ன வெற்றி ஒன்று வேண்டும் என்பது அவர்கள் முடிவு. வீடு வீடாகப் போய் உங்களுக்கு முதலில் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். வீட்டு வசதி, வேலை, பள்ளிக்கூடம் என்ற பதிலை எதிர்பார்த்த இடத்தில் எல்லோரும் சொன்ன ஒரே பதில், குப்பை.

'எங்கள் மேல் கொட்டாதே' என்று இயக்கம் தொடங்கியது. குடியிருப்போரே இறங்கி மனைகளைச் சுத்தம் செய்தார்கள். நகராட்சி அலுவலகத்துக்குக் கூட்டமாகப் போனார்கள். மேயர் ரேமண்ட் ஃபிளின் வந்து பார்க்க வேண்டிய நிலையை உண்டாக்கினார்கள். கைவிடப்பட்ட கார்களை நகராட்சி இழுத்துப் போனது. உரிமமில்லாத குப்பை நிலையங்கள் மூடப்பட்டன.

இதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. கேப் வெர்டே வீட்டு எலியும் ஐரிஷ் வீட்டு எலியும் ஒன்றுதான். பொதுவான எதிரி கிடைத்தபோது நான்கு பிரிவினரும் முதல்முறையாக ஒரே வரிசையில் நின்றார்கள். கேட்டால் நடக்கும் என்ற நம்பிக்கையும் அப்போதுதான் வந்தது. அடுத்த பெரிய காரியத்துக்கு அந்த நம்பிக்கைதான் முதலீடு.

நிலத்தை எடுக்கும் அதிகாரம்

1987ல் குடியிருப்போரே உட்கார்ந்து பேட்டைக்கான முழுத் திட்டத்தைத் தயாரித்தார்கள். நிபுணர்கள் உண்டு, ஆனால் எங்கே வீடு, எங்கே பூங்கா, எங்கே கடை என்று சொன்னவர்கள் அங்கே வாழ்ந்தவர்கள். நகரத்துக்குள் ஒரு கிராமம் என்பது அவர்கள் கண்ட கனவு. நகராட்சி அந்தத் திட்டத்தை ஏற்றது.

அங்கேதான் முட்டுக்கட்டை. டட்லி முக்கோணம் என்று பெயரிட்ட மையப் பகுதி சுமார் 60 ஏக்கர். அதில் பாதி காலி மனை. காலி மனையில் சுமார் பாதி நகராட்சிக்குச் சொந்தம், மீதி தனியார். ஒரு மனை நகராட்சி, அடுத்த மனை எங்கோ இருக்கும் ஒருவர், அதற்கடுத்தது மீண்டும் நகராட்சி. இந்த நிலையில் எந்தக் கட்டுநரும் வர மாட்டார். சேர்ந்தாற்போல் நிலம் வேண்டும். அதற்கு ஒரே வழி நில ஆர்ஜிதம்.

பாஸ்டன்காரர்களுக்கு நில ஆர்ஜிதம் என்றாலே அடிவயிறு கலங்கும். காரணம் உண்டு. 1958ல் அதே நகரத்தில் வெஸ்ட் எண்ட் என்ற இத்தாலிய, யூதக் குடியேறிகள் பேட்டையை நகர மேம்பாடு என்ற பெயரில் இடிக்கத் தொடங்கினார்கள். சுமார் 2,700 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அந்த இடத்தில் வசதியானவர்களுக்கான உயர் அடுக்கு வீடுகள் எழுந்தன. போனவர்கள் திரும்பி வரவே இல்லை. டட்லி மக்களும் அப்படித் துரத்தப்படுவோம் என்ற பயத்தில்தான் இருந்தார்கள்.

அவர்கள் யோசனையைத் திருப்பிப் போட்டார்கள். எங்களை வெளியேற்றப் பயன்பட்ட அந்த அதிகாரத்தை எங்களிடமே கொடுங்கள் என்று கேட்டார்கள். காலி மனைகளுக்கு மட்டும். யாரும் குடியிருக்கும் வீட்டைத் தொட மாட்டோம். 'எழுந்து நில், நிலத்தைச் சொந்தமாக்கு' என்பது கோஷம். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் 1988 நவம்பரில் பாஸ்டன் மறுவளர்ச்சி ஆணையம் வாக்கெடுத்து அந்த அதிகாரத்தை வழங்கியது. அமெரிக்காவில் ஒரு குடியிருப்போர் அமைப்புக்கு நில ஆர்ஜித அதிகாரம் கிடைத்தது அதுவே முதல்முறை. இதற்காக டட்லி நெய்பர்ஸ் என்ற துணை நிறுவனம் பதிவு செய்யப்பட்டது.

அதிகாரம் கிடைத்தால் போதுமா? மனைக்கு நஷ்டஈடு கொடுக்கப் பணம் வேண்டும். ஃபோர்டு அறக்கட்டளை 20 லட்சம் டாலர் கடன் தர முன்வந்தது. ஒப்புதலுக்கும் பணம் கைக்கு வருவதற்கும் இடையே சில ஆண்டுகள் ஓடின. அதற்குள் பாஸ்டனில் வீட்டுச் சந்தை சரிந்தது. 1991 ஜனவரியில் பேங்க் ஆஃப் நியூ இங்கிலாந்து என்ற பெரிய வங்கியே திவாலானது. வங்கியே மூழ்கும் நேரத்தில் வீடு கட்டக் கடன் கேட்பவர் நிலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் கூட்டங்கள் நிற்கவில்லை. 1990களில் முதல் வீடுகள் எழுந்தன.

வீடு உங்களுடையது, நிலம் எல்லோருடையது

இப்போது கொஞ்சம் கணக்கு. அடுக்ககத்தில் வீடு வாங்கும்போது நாம் எல்லோரும் பத்திரத்தில் தேடிப் பார்ப்பது நிலத்தில் நமக்குள்ள பிரிக்கப்படாத பாகம் எவ்வளவு என்று. கட்டடம் பழையதாகும், நிலம் விலை ஏறும் என்பது நம் நம்பிக்கை. டட்லியில் அதை நேர்மாறாகச் செய்தார்கள். ஆர்ஜிதம் செய்த நிலத்தை யாருக்கும் விற்கவில்லை. டட்லி நெய்பர்ஸ் பெயரில் பொது அறக்கட்டளைச் சொத்தாக வைத்தார்கள். வீட்டை மட்டும் குடும்பத்துக்கு விற்றார்கள். நிலம் 99 ஆண்டுக் குத்தகை.

இதனால் வீட்டின் விலை குறைந்தது; சாதாரண வருமானக் குடும்பமும் வாங்க முடிந்தது. பதிலுக்கு ஒரு நிபந்தனை. வீட்டை விற்கும்போது சந்தை விலைக்கு விற்க முடியாது. ஒரு சூத்திரப்படி அளவான லாபம் மட்டும் எடுத்துக்கொண்டு, அடுத்து வரும் எளிய குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் விற்க வேண்டும். வீட்டுக்காரரே குடியிருக்கவும் வேண்டும்.

இது நல்லதா கெட்டதா என்று வாதம் செய்யலாம். தலைமுறை தலைமுறையாகக் கடன் மறுக்கப்பட்ட மக்களிடம், கடைசியில் சொத்து கையில் வரும்போது முழு லாபமும் உனக்கில்லை என்று சொல்வது சரியா என்று அங்கேயே கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. பேட்டை நன்றாக ஆனதும் விலை ஏறி, பாடுபட்டவர்களே வாடகை கொடுக்க முடியாமல் வெளியேறுவது உலகமெங்கும் நடப்பது. நிலத்தைப் பொதுவில் வைத்ததால் அந்த வீடுகளைப் பொறுத்தவரை அது நடக்கவில்லை.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். 2008ல் அமெரிக்க வீட்டுக்கடன் சந்தை நொறுங்கியது நினைவிருக்கும். 2010 இறுதியில் அந்நாட்டின் பொதுவான வீட்டுக்கடன்களில் 4.63 சதவீதம் ஜப்தி நடவடிக்கையில் இருந்தன. இதுபோன்ற நில அறக்கட்டளை வீடுகளில் அது 0.46 சதவீதம்தான். பத்தில் ஒரு பங்கு! எளிய குடும்பங்கள்தான் கடன் வாங்கியவர்கள். தவணை கட்டத் திணறும்போது கூப்பிட்டுப் பேசி வழி சொல்ல ஓர் அமைப்பு பின்னால் நின்றது. கண்ணைக் கட்டிக்கொண்டு தகுதிக்கு மேல் கடன் வாங்க விடவும் இல்லை. வங்கிகள் சிவப்புக் கோடு போட்ட மக்களைப் பற்றிய கணக்கு இது என்பதை மறக்காதீர்கள். 1992ல் பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியே ஓர் ஆய்வு வெளியிட்டது. வருமானம், கடன் வரலாறு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், கறுப்பின, ஸ்பானிய மொழி விண்ணப்பதாரர்களுக்குக் கடன் மறுக்கப்படுவது அதிகமாக இருந்தது என்று அது காட்டியது.

இன்றைய நிலை

1,300 காலி மனைகளில் பாதிக்கு மேல் பயன்பாட்டுக்கு வந்துவிட்டன. 400க்கும் மேற்பட்ட புதிய வீடுகள், பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், டட்லி பொதுத் திடல், ஒரு பழைய வாகனப் பழுதுக் கூடத்தின் இடத்தில் எழுந்த சமூகப் பசுமைக்குடில். பழைய வீடுகளின் வண்ணப்பூச்சிலிருந்த ஈயம் மண்ணில் கலந்திருந்ததால், காய்கறி போடும் முன் நல்ல மண் கொண்டுவந்து நிரப்ப வேண்டியிருந்தது. நில அறக்கட்டளையின் கீழ் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன.

மனிதர்களில் ஒருவரைச் சொன்னால் போதும். கேப் வெர்டே வம்சாவளியில் வந்து அந்தப் பேட்டையிலேயே வளர்ந்த ஜான் பாரோஸ், 17 வயதில் நிர்வாகக் குழுவில் இளைஞர் பிரதிநிதியாகச் சேர்ந்தார். பிறகு படித்து முடித்துத் திரும்பி வந்து 2000 முதல் 2013 வரை அந்த அமைப்பின் நிர்வாக இயக்குநராக இருந்தார். 2013ல் பாஸ்டன் மேயர் பதவிக்கே போட்டியிட்டார். தோற்றார், ஆனால் புதிய மேயர் அவரையே நகரின் பொருளாதார வளர்ச்சித் தலைவராக நியமித்தார். இளைஞர்களுக்கு நிர்வாகக் குழுவில் வாக்குரிமையோடு இடம் கொடுத்ததன் பலன் இது.

எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். நில அறக்கட்டளைக்கு வெளியே உள்ள வீடுகளின் வாடகை ஏறிக்கொண்டே இருக்கிறது. வறுமை போய்விடவில்லை. பெயர் குறித்தும் விவாதம் நடந்தது. தாமஸ் டட்லி என்ற பழைய காலனி ஆளுநரின் பெயர் அது. அடிமை முறைக்கு இடம் கொடுத்த சட்டம் அவர் காலத்தில் வந்தது என்பதால், அருகிலிருக்கும் டட்லி சதுக்கத்துக்கு 2019 டிசம்பரில் நூபியன் சதுக்கம் என்று பெயர் மாற்றினார்கள். தெருவின் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

நமக்கு என்ன?

நம் வளாகத்தில் யாரும் தீ வைக்கவில்லை. காலி மனையும் இல்லை. அதனால் டட்லியையும் நம்மையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. ஆனாலும் மூன்று விஷயங்களை அடுத்த பொதுக்குழுவுக்கு முன் நீங்கள் யோசிக்க வேண்டுகிறேன்.

ஒன்று, மேடையில் யார். நம் வளாகத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் கணிசம். தண்ணீர் லாரி வராவிட்டால் அவர்களுக்கும் அதே கஷ்டம்தான். உரிமையாளர் ஊரிலேயே இல்லை. குடியிருப்பவருக்குக் கூட்டத்தில் பேச வழியில்லை. வாக்குரிமை சட்டப்படி உரிமையாளருக்குத்தான் என்றால் இருக்கட்டும். கருத்துச் சொல்ல ஒரு நாற்காலி போடுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

இரண்டு, மொழி. தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி, வங்காளம் எல்லாம் நம் மின்தூக்கியில் கேட்கின்றன. ஆனால் நம் அறிவிப்புப் பலகை ஆங்கிலத்தில் மட்டும் பேசுகிறது. வீட்டில் நாள் முழுதும் இருக்கும் பெரியவர்களில் பலருக்கு அது புரியாது. தண்ணீர் நிறுத்தம், தீயணைப்புப் பயிற்சி இரண்டையாவது மற்ற மொழிகளிலும் ஒட்டலாம். எழுதித் தரத் தயாராக உள்ளவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்; யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்று, குப்பை. பெரிய திட்டங்கள் பேசுவதற்கு முன், எல்லோருக்கும் பொதுவான ஒரு சின்னத் தொல்லையை எடுத்து முடித்துக் காட்டுவோம். பின்பக்கச் சுவரோரம் சேர்ந்து கிடக்கும் பழைய மரச்சாமான்களில் தொடங்கலாம் என்பது என் யோசனை. பராமரிப்புக் கட்டண உயர்வைப் பற்றிப் பேசும்போது எழும் சந்தேகம் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

டட்லி மக்களிடம் தொடக்கத்தில் பணமும் இல்லை, செல்வாக்கும் இல்லை. அந்தப் பிப்ரவரிக் கூட்டத்துக்கு அவர்கள் வந்திருந்தார்கள், பிடிக்காததை எழுந்து சொன்னார்கள், சொன்ன பிறகு வேலையிலும் நின்றார்கள். நம் சென்ற பொதுக்குழுவில் போட்டிருந்த நாற்காலிகளில் பாதி காலியாகவே இருந்தன. அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் வாருங்கள். வரும்போது பக்கத்து வீட்டுக்காரரையும், அவர் எந்த மொழி பேசினாலும், கூடவே அழைத்து வாருங்கள்.